மணத்திற்கு முன் எழுதும் ஓலை: கடலூர், சிதம்பரம் பகுதி வழக்குகள் பற்றிய ஓர் ஆய்வு

மணம் பேசி முடித்த இருவர், மணநாளுக்கு முன்னரே தம் உடைமையும் உறைவிடமும் பிரிவு நேர்ந்தவிடத்துச் செய்யத்தக்கனவும் குறித்து ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுதல் மேனாட்டார்க்கே உரியதொரு வழக்கென்றும், நம் நாட்டு மணம் அறத்தின்பாற்பட்டதாகலின் அதனுள் ஆவணத்திற்கு இடமில்லை என்றும் கூறுவாரைக் காண்கின்றோம். இவ்விரு கூற்றும் ஆராய்ந்து கொள்ளத்தக்கனவல்ல. கடலூர் தொடங்கிச் சிதம்பரம் வரையுள்ள சிறு நிலப்பகுதியையும் அதன் அண்டையூர்களையும் மட்டுமே எடுத்துக்கொண்டு நோக்கினும், மணத்திற்கு முற்பட்ட உடன்படிக்கைகள் பல வடிவில் வழங்கி வந்தமை புலனாகும். அவ்வுடன்படிக்கைகளுள் மணமகள் ஒரு தரப்பாக நின்றாளா, அன்றிக் கொடுபொருளாக நின்றாளா என்னும் வினாவை முன்வைத்தே இக்கட்டுரை செல்கின்றது.

தொல்காப்பியர் கற்பியலைக் கரணம் என்னும் சொல்லோடு தொடங்குகின்றார். கொடுத்தற்குரியார் கொடுப்பத் தலைவன் கரணத்தோடு கொள்வதே கற்பு என்பது அவர் கூறும் இலக்கணம். கொடுப்பாரும் கொள்வானும் அங்கே வினைமுதல்களாக நிற்க, கொள்ளப்படுவாள் செயப்படுபொருளாகின்றாள். ஆயின், உடன்போக்கில் கொடுப்பார் இல்லாதவிடத்தும் கரணம் உண்டு என்று அடுத்த நூற்பாவிலேயே அவர் விதித்திருத்தல் ஊன்றி நோக்கற்பாலது. கொடுப்பார் இன்றியும் மணம் நிறைவுறும் எனின், தலைவியின் இசைவு ஒன்றே அதற்குப் போதிய அடிப்படையாயிற்று என்பது பெறப்படும். உரையாளர்கள் கரணத்தைச் சடங்கு என்றே கொண்டனர். எனினும் கரணத்தான் என்னும் பெயர் பிற்காலத்தில் ஓலை எழுதுவோனுக்கும் கணக்கனுக்கும் வழங்கியதை நாம் அறிவோம். அக்கரணத்தானை ஒரு மணவினையின் நடுவிலேயே சேக்கிழார் நமக்குக் காட்டுகின்றார்.

சிதம்பரத்து ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேறியதாகக் கூறப்படும் பெரியபுராணத்தில், நம்பியாரூரர்க்குச் சடங்கவி சிவாசாரியாரின் மகளை மணம் பேசுகின்றனர். மணம் நிகழவிருந்த ஊர் புத்தூர். கடலூர் மாவட்டத்துப் பண்ணுருட்டிப் பகுதியில் மணந்தவிழ்ந்த புத்தூர் என்று இன்றும் வழங்குவது அதுவே என்பர். முதியோர் சென்று பேசுகின்றனர், இரு குடியும் இசைகின்றன, மணவோலை போகின்றது. பந்தரில் மணமகன் அமர்ந்த வேளையில் முதிய மறையவர் ஒருவர் வந்து, உனக்கும் எனக்கும் முன்பே ஒரு வழக்கு உண்டு, அதனை முடித்தபின் மணம் செய் என்கின்றார். ஆரூரரின் பாட்டனார் தம்மையும் தம் வழியினரையும் அடிமையாக எழுதிக்கொடுத்த ஓலை ஒன்று அவர் கையில் இருக்கின்றது. ஆரூரர் அதனைப் பற்றிக் கிழித்துவிடுகின்றார்.

இதன்பின் திருவெண்ணெய்நல்லூர் அவையில் நடப்பன யாவும் நீதிமன்ற நடைமுறையின் தெளிவுடையன. ஆட்சி, ஆவணம், அயலார் சான்று என மூவகையானும் வழக்கை நிறுவலாம் என்கின்றனர் அவையோர். கிழிக்கப்பட்டது படியோலையே என்று கூறி முதியவர் மூல ஓலையை எடுத்து வைக்கின்றார். கரணத்தான் அதனைப் படிக்கின்றான். சான்றொப்பமிட்டோரின் எழுத்து ஆராயப்படுகின்றது. பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து எழுத்தோடு எழுத்து ஒப்பிடுகின்றனர். இறையருளின் திறம் கூற வந்த புராணம், ஆவணச் சான்று பற்றிய பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடைமுறையையும் உடன்கூறிச் செல்கின்றது. பாட்டன் எழுதிய ஓலை பேரனின் மணத்தைத் தடுக்கவல்லதா என்னும் வினா அவையில் எழவேயில்லை. முன்னோர் கையெழுத்து வழித்தோன்றலைக் கட்டும் என்பது அக்காலத்தார்க்கு இயல்பாகத் தோன்றியது போலும். மணப்பந்தரில் இருந்த பெண்ணையோ எவரும் ஒன்றும் வினவவில்லை. அவள் ஆரூரரையே நினைந்திருந்து சிவலோகம் எய்தினாள் என்று சேக்கிழார் கூறி அமைகின்றார். அவளுக்கு ஒரு பெயர்தானும் இல்லை.

இதற்கு மறுதலையாக, அதே புராணத்தில் சங்கிலியார் வரலாறு அமைந்திருக்கின்றது. திருவொற்றியூரில் கன்னிமாடத்திருந்து மாலை தொடுத்துவந்த சங்கிலியாரை ஆரூரர் விரும்புகின்றார். இறைவன் கனவில் தோன்றி மணத்திற்கு இசையுமாறு கூற, அவர் திருவாரூரில் ஏற்கெனவே மனைவியோடு வாழ்பவரல்லரோ என்று அவ்வம்மையார் தடை எழுப்புகின்றார். நின்னைப் பிரியேன் என்று அவன் சூளுறுவான் என்பது இறைவன் விடை. ஆரூரரோ சூளுறவுக்கு இசைந்துவிட்டு, திருமுன்பு சூளுறும்போது நீர் அங்கிராது மகிழின்கீழ்ச் சென்று இருத்தல் வேண்டும் என்று இறைவனையே வேண்டிக்கொள்கின்றார். அச்செய்தியையும் இறைவன் சங்கிலியார்க்கு அறிவித்துவிடுகின்றான். மறுநாட் காலையில் கோயிலுட் புகவிருந்த ஆரூரரைத் தோழியர் தடுத்து, மகிழின்கீழ்ச் சூளுறவு செய்தலே அமையும் என்கின்றனர். வேறு வழியின்றி அவரும் அவ்வாறே செய்கின்றார். பின்னர் அதனை மீறி ஒற்றியூரின் எல்லையைக் கடந்தபோது கண்ணொளி இழக்கின்றார்.

இதனை மணத்திற்கு முற்பட்ட ஒப்பந்தம் என்று கூறுவதில் நமக்குத் தயக்கமில்லை. கேட்பவள் மணமகள், கட்டுப்படுபவன் மணமகன், பொருள் உறைவிடமும் பிரியாமையும், மீறலுக்குரிய தண்டமும் உண்டு. நழுவுதற்கு வழியமைத்துக்கொள்ளும் தரப்பும், அவ்வழியை அடைக்கும் தரப்பும் இருத்தல் இன்றைய பத்திரம் எழுதுவோர் நன்கறிந்த செய்தியே. இங்கு ஓலை இல்லை, வாய்மொழி மட்டுமே. புத்தூரில் ஓலை இருந்தது; பெண்ணின் குரல் இல்லை.

கல்வெட்டுகளுக்கு வருவோம். சோழர் காலத்துப் பிராமணப் பெண்டிர் தமக்குச் சீதனமாக வந்த நிலத்தை விற்றமை கல்வெட்டுகளால் தெரியவருகின்றது. உடைமை அவர்களுடையதேயாயினும், முதுகண் எனப்படும் ஆடவர் ஒருவர் உடனின்று ஆவணத்தை நிறைவேற்றுதல் வேண்டும். கணவனோ மகனோ உறவினனோ அம்முதுகணாவான். ஆகவே பெண்ணுக்குச் சொத்துரிமை இருந்ததா எனின் இருந்தது. தனித்துக் கையெழுத்திடும் உரிமை இருந்ததா எனின் இல்லை. இவ்விரண்டையும் வேறு பிரித்து அறியாமையாலேயே பண்டைப் பெண்ணுரிமை பற்றிய நம் வழக்காடல்கள் பல பயனின்றி முடிகின்றன.

வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்துக் கோயிலில் சகம் 1347-ஐச் சார்ந்த, அதாவது 1425–26-ஆம் ஆண்டைச் சார்ந்த கல்வெட்டொன்று உண்டு. 1890-இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதற்றொகுதியில் அது பதிப்பிக்கப்பெற்றது. விசயநகரத் தேவராயர் ஆட்சியில், படைவீட்டு இராச்சியத்துக் கன்னட, தமிழ், தெலுங்கு, இலாடப் பிராமணர்கள் ஒன்றுகூடித் தம்முள் செய்துகொண்ட உடன்படிக்கை அது. இனி மணம் கன்னிகாதானமாகவே நடத்தல் வேண்டும். பொன் வாங்கிப் பெண் கொடுப்பவனும், பொன் கொடுத்துப் பெண் கொள்பவனும் அரச தண்டத்திற்கு உரியராவர். குலத்தினின்றும் நீக்கப்படுவர் என்பது அதன் சாரம். பெண்வீட்டார் பொன் பெற்ற காலம் அது என்பதைக் கல்வெட்டே உணர்த்துகின்றது. பிற்காலத்தில் பொன் எதிர்த்திசையிற் பாயத் தொடங்கியதை நாமறிவோம். இந்த உடன்படிக்கையில் ஒப்பமிட்டோர் அனைவரும் கொடுப்பாரும் கொள்வாருமே.

அக்கொடுப்பார்–கொள்வார் முறையே இன்றைய நிச்சயதாம்பூலத்திலும் தொடர்கின்றது. இன்னார் மகளை இன்னார் மகனுக்கு இன்ன நாளில் மணம் செய்விப்பதாக இலக்கினப் பத்திரிகையைப் படித்து இருவீட்டாரும் தட்டு மாற்றிக்கொள்கின்றனர். பவுன் கணக்கும் சீர்வரிசையும் பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே நிற்கும். சிலவிடத்துத் தனித்தாளில் குறித்துக்கொள்வர். பின்னாளில் பூசல் எழுமிடம் பெரும்பாலும் அத்தாளேயாகும்.

சிதம்பரத்திற்கு அணித்தே, வெள்ளாற்றின் கழிமுகத்தில் உள்ள பரங்கிப்பேட்டையில் நிலை வேறு. மகமூது பந்தர் என்றும் போர்ட்டோநோவோ என்றும் பெயர் பெற்ற அப்பழந் துறைமுகத்து முசுலிம்களிடையே, ஏனை ஊர் முசுலிம்களிடம் போலவே, நிக்காஹ் என்பதே ஓர் ஒப்பந்தம். மஹர் இல்லாத மணம் இல்லை. அது மணமகன் மணமகளுக்குக் கொடுப்பது, அவளுடைய தந்தைக்கன்று. உடனே கொடுக்கப்படுவது, பின்னர்க் கொடுக்கக் கடமைப்பட்டது என அஃது இருவகைப்படும். மணப் பதிவேடாகிய தஃப்தரில் தொகையோ பொன்னின் எடையோ குறிக்கப்பெற்றுச் சான்றாளர் ஒப்பமிடுகின்றனர். இரண்டாம் மணம் செய்யின் மனைவி தானே விலகிக்கொள்ளலாம் என்பன போன்ற நிபந்தனைகளையும் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள அவர்தம் சட்டம் இடந்தருகின்றது; அத்தகைய நிபந்தனைகளை நம் நாட்டு நீதிமன்றங்களும் ஏற்றுள்ளன. ஆயினும் பெண்ணின் இசைவு வக்கீல் எனப்படும் உறவினர் வாயிலாகவே அவைக்கு வந்து சேர்கின்றது. சோழர் காலத்து முதுகணை நினைவூட்டும் நிலை இது. மஹர் தொகையைப் பெயரளவில் எழுதிவிட்டு, பெண்வீட்டார் நகையும் பொருளும் தரும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவியதால், நல்லதோர் ஏற்பாடு பல குடும்பங்களில் வெற்றெழுத்தாய்ப் போயிற்று என்பதையும் மறைத்தற்கில்லை.

கடலூருக்கு வடக்கே சென்றால் சட்டமே மாறிவிடுகின்றது. 1690-இல் ஆங்கிலக் கும்பினியார் மராத்தியரிடமிருந்து செயின்ட் டேவிட் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு சென்று விழும் எல்லை வரையுள்ள ஊர்களும் அவர்க்குரியவாயின. குண்டுக் கிராமங்கள் என்று அவை பெயர் பெற்றன. அவற்றுக்கு அப்பால் பாகூர்ப் பகுதி பிரெஞ்சியர் வசமாயிற்று. ஒரு குண்டு விழுந்த இடத்தைப் பொறுத்துப் பின்வந்தோரின் மணச்சட்டமும் வேறுபட நேர்ந்தது விந்தையே.

புதுச்சேரியில் 1819-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6-ஆம் நாளைய ஆணையால் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. ஆயினும் இந்துக்கள், முசுலிம்கள், கிறித்தவர்கள் ஆகிய இந்நாட்டு மக்கள் தத்தம் வழக்காறுகளின்படியே தீர்ப்புப் பெறுவர் என்றும் அவ்வாணை கூறிற்று. 1881 செப்டம்பர் 21-ஆம் நாளைய ஆணை, தம் குலவழக்கைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க விரும்புவார்க்கு வழி திறந்தது. அவ்வாறு துறந்தோர் ரெனோன்சான்கள் எனப்பட்டனர். அவர்களுள் முன்னின்றவர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. வாயில் என்று பொருள்படும் லப்போர்த் என்னும் பெயரைத் தம் குடிப்பெயராகக் கொண்டார்.

இவர்கள்பால் வந்த 1804-ஆம் ஆண்டுக் குடிமைச் சட்டம், மணமக்கள் தம் சொத்துமுறையை மணத்திற்கு முன் நொத்தேர் எனப்படும் பத்திர அலுவலர் முன்னிலையில் தாமே வகுத்துக்கொள்ளலாம் என்றது. வகுத்துக்கொள்ளாதார்க்குப் பொதுவுடைமை முறை தானே வந்து பொருந்தும். உடைமைகளைத் தனித்தனியே வைத்துக்கொள்ளும் முறையும், சீதனத்தைக் காக்கும் முறையும் விரும்பினார்க்கு இருந்தன. மணமானபின் பத்திரத்தை மாற்றலாகாது என்பது பழைய விதி. பிரான்சில் அது 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தளர்த்தப்பட்டது. மணமகள் இப்பத்திரத்தில் தன் பெயரால் ஒரு தரப்பாக ஒப்பமிட்டாள் என்பது சிறப்பே. எனினும், உடைமையைத் தனித்து வைத்துக்கொண்ட மனைவியும் கணவன் இசைவின்றி நிலத்தை விற்கலாகாது என்று அதே சட்டம் தடை விதித்திருந்தது. பாரிசிலும் முதுகண் இருந்தார் என்க. 1954-இல் நிருவாகம் கைமாறி, 1962-இல் புதுச்சேரி சட்டமுறைப்படி இந்தியாவோடு இணைந்தது. 1963-இல் இந்துச் சட்டங்கள் அங்கு விரிவாக்கப்பட்டபோது, அவை ரெனோன்சான்களைக் கட்டா என்று விலக்களிக்கப்பட்டது.

கடல் கடந்த யாழ்ப்பாணத்திலோ, ஒல்லாந்த அதிகாரி கிளாசு ஐசாக்சு 1707-இல் தொகுத்த தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை முப்பாற்படுத்திச் சீதன ஓலைக்குத் தனியிடம் தந்தது. தமிழர் வழக்கே எழுத்துச் சட்டமாகியதற்கு அஃதொரு சான்று.

இனி இற்றைநாளில் கடலூரிலோ சிதம்பரத்திலோ மணம் பேசிய இருவர் என் செய்யக்கூடும் என்று நோக்குவோம். இந்துக்களிடை மணம்பற்றிய முன்னொப்பந்தத்தை நீதிமன்றங்கள் ஐயக்கண் கொண்டே நோக்கியுள்ளன. மனைவியை அவள் தாய்வீட்டினின்றும் அழைத்துச் செல்லேன் என்று மணத்திற்கு முன் கணவன் எழுதித்தந்த ஒப்பந்தம் செல்லாது என 1901-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகிழின்கீழ்ச் சங்கிலியார் பெற்ற சூளுறவும் அம்மன்றத்தில் நின்றிராது என்று எண்ண வேண்டியிருக்கின்றது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு பொதுநலக் கொள்கைக்கு மாறான ஒப்பந்தங்களை விலக்குகின்றது. வாழ்க்கைப்பொருள் கேட்கும் உரிமையைப் பெண் முன்கூட்டியே விட்டுக்கொடுத்தாலும் அது அவளைக் கட்டாது. கிறித்தவர்க்குரிய 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டமோ, மணத்திற்கு முன்னும் பின்னும் செய்த சொத்தேற்பாடுகளை ஆராய்ந்து ஆணையிட நீதிமன்றத்திற்கு அதிகாரம் தருகின்றது. கோவாவில் போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற சட்டமரபால் மணமுன் பத்திரம் இன்றும் முழுவலிமையுடன் திகழ்கின்றது. நம் மாவட்டத்தில் அஃதில்லை.

எனினும் சார்பதிவாளர் அலுவலகத்தின் வாயில் அடைக்கப்பட்டிருக்கவில்லை. 1899-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டம் செட்டில்மெண்ட் என்பதற்கு இலக்கணம் கூறுமிடத்து, திருமணத்தைக் கருதி எழுதப்படும் சொத்தேற்பாட்டையே முதற்கண் எண்ணுகின்றது. வீடோ நிலமோ மணமகள் பெயருக்கு வருதல் வேண்டுமாயின், மணத்திற்கு முன்னரே பத்திரம் எழுதி 1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளலாம். அவ்வாறு அடைந்த சொத்தினை இந்துப் பெண் முழுவுரிமையோடு வைத்துக்கொள்ள 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு துணைநிற்கின்றது. ஆனால் கேட்டுப் பெறும் பொருள் பற்றிய உடன்படிக்கை எதுவாயினும் 1961-ஆம் ஆண்டு வரதட்சிணைத் தடைச் சட்டத்தால் செல்லாததாகும், கேட்டலும் குற்றமாகும். மஹரை அச்சட்டம் விலக்கி வைத்திருக்கின்றது.

அச்சட்டத்தின்கீழ் 1985-இல் வந்த விதிகளைப் பலர் அறியார். கேளாமற் கிடைத்த அன்பளிப்புகளுக்கு மணமகளும் மணமகனும் தனித்தனிப் பட்டியல் எழுதி வைத்தல் வேண்டும். ஒவ்வொரு பொருளின் குறிப்பும், ஏறத்தாழ மதிப்பும், கொடுத்தவர் பெயரும், அவர் மணமக்களுக்கு உறவினராயின் அவ்வுறவும் அதில் இடம்பெறும். இரு பட்டியலிலும் ஒப்பமிட வேண்டியோர் தந்தையரல்லர், மணமக்கள் இருவருமே. மணநாளில் அன்றி அதன்பின் இயன்ற விரைவில் இதனை முடித்தல் வேண்டும். நிச்சயதாம்பூலத்தன்றே தாளைத் தொடங்கி வைத்தலை எவ்விதியும் தடுக்கவில்லை. கையெழுத்திட இயலாத மணமகளாயின், பட்டியல் முழுவதையும் அவளுக்குப் படித்துக்காட்டி, படித்தவரும் ஒப்பமிட்டபின், அவள் பெருவிரற் பதிவைப் பெற்றுக்கொள்ளலாம் என்கின்றது விதி. திருவெண்ணெய்நல்லூர் அவையில் கரணத்தான் ஓலை படித்த அன்று புத்தூர்ப் பெண் அங்கில்லை. இப்பட்டியலைப் படிக்கும்போது மணமகள் எதிரே இருந்து கேட்டே ஆகவேண்டும்.