பாதி வாக்கியத்தின் அரசியல்

"அரசியல் சட்டத்தை எரிப்பேன் என்று அம்பேத்கரே சொன்னவர்தானே!" இட ஒதுக்கீடு பற்றிப் பேச்சு எழும் இடங்களில் இந்தக் கேள்வியை நம் முகத்துக்கு நேரே வீசுகிறார்கள். ஆம், சொன்னார். அதை மறைக்கும் தேவை நமக்கு இல்லை. எங்கே, எதற்காகச் சொன்னார் என்று திருப்பிக் கேட்டால்தான் பதில் வருவதில்லை.

1953 செப்டம்பர் 2. மாநிலங்களவையில் ஆந்திர மாநில மசோதா மீது விவாதம். சென்னை மாநிலத்தின் தெலுங்கு மாவட்டங்களைப் பிரித்துத் தனி மாநிலம் அமைக்கும் மசோதா அது. மொழிவழி மாநிலத்தில் நிலமும் பதவியும் ஆதிக்க சாதியின் கையிலேயே குவிந்தால் பட்டியல் சாதி மக்கள் யாரை நம்பி வாழ்வது என்று அம்பேத்கர் கேட்டார். சிறுபான்மையினரைக் காக்க ஆளுநருக்கு அதிகாரம் வேண்டும் என்றார். சட்டத்தை எழுதியவரே நீங்கள்தானே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நானே அதை முதலில் எரிப்பேன் என்று வெடித்தது இந்த இடத்தில்தான். பெரும்பான்மை தங்களை நசுக்கிவிடுமோ என்ற எளிய மக்களின் அச்சத்தை அலட்சியப்படுத்துவதே பெருந்தீங்கு என்பதும் அதே உரையில் இருக்கிறது.

1955 மார்ச் 19 அன்று அதே அவையில் இதற்கு விளக்கம் கேட்டார்கள். கடவுளைக் குடியேற்றக் கட்டிய கோயிலில் அசுரர்கள் புகுந்துவிட்டால் இடிப்பதைத் தவிர வேறென்ன செய்வது என்று பதில் சொன்னார். அவருடைய கோபம் சட்டத்தைக் கைப்பற்றியவர்கள் மீது. இன்று உலவும் பாதி வாக்கியத்தில் அந்தக் கைப்பற்றியவர்கள் மட்டும் காணாமல் போய்விட்டார்கள்.

இதோடு இன்னொரு பேச்சை வைத்துப் பார்ப்போம். எண்ணெய் ஆட்டுபவர்களுக்கும் புகையிலை விற்பவர்களுக்கும் சலவைத் தொழிலாளர்களுக்கும் சட்டமன்றத்தில் என்ன வேலை, சட்டத்துக்குக் கீழ்ப்படிவதே அவர்கள் கடமை என்று 1918-இல் சோலாப்பூர் கூட்டத்தில் திலகர் பேசியதாக அம்பேத்கர் பதிவு செய்திருக்கிறார். உழைக்கும் சாதிகளின் பிரதிநிதித்துவக் கோரிக்கைக்குத் திலகரின் பதில் அது. அந்த வாக்கியத்தை எத்தனை பாடநூலில் படித்திருக்கிறோம்? திலகர் இன்றும் லோகமான்யர்தான்.

எதை நினைவில் வைப்பது, எதை மறப்பது என்பதை அச்சகம் யார் கையில் இருக்கிறதோ அவர்களே முடிவு செய்கிறார்கள். அம்பேத்கருக்கு இது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' வெளிவந்தபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட மறுத்தது திலகர் தொடங்கிய 'கேசரி'. அதன் பிறகு 'பகிஷ்கிருத் பாரத்', 'ஜனதா', 'பிரபுத்த பாரத்' என்று சாகும்வரை பத்திரிகை நடத்தினார். நம் மண்ணில் அதற்கும் முன்பே, 1893-இல், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியிருந்தார். நம் பேச்சை முழுதாக அச்சிட நமக்கே ஓர் ஏடு வேண்டும் என்ற தேவை அவ்வளவு பழையது.

இன்று தொலைக்காட்சியில் ஒரே சொல்தான்: 'சர்ச்சைப் பேச்சு'. சேரிக்குப் பாதை கேட்பவரின் கடுஞ்சொல்லுக்கும் அந்தப் பாதையை மறிப்பவரின் வசைக்கும் அதே தலைப்பு. பிறகு இரண்டு பக்கமும் நாகரிகம் காக்க வேண்டும் என்று உபதேசம். அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே தராசில் நிறுத்துவதற்கு நடுநிலை என்று பெயர்.

கடுமையாகப் பேசுவதெல்லாம் நியாயம் என்று நாம் வாதிடவில்லை. நம் தலைவர்கள் பெண்களையோ நம்மைவிட எளியவர்களையோ இழிவாகப் பேசினால் அதையும் கண்டிப்போம். அந்தச் சொல் யார் மீது விழுகிறது, யாருடைய உரிமையைக் கேட்கிறது அல்லது பறிக்கிறது என்பதே நம் அளவுகோல். குரல் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பது அதற்குப் பிறகுதான்.

மாநிலங்களவை விவாதங்கள் பொது ஆவணங்கள். அடுத்த முறை அந்தப் பாதி வாக்கியத்தை யாராவது வீசினால் மீதிப் பாதியைப் படித்துக் காட்டுவோம். பட்டியல் சாதி மக்கள் யாரை நம்பி வாழ்வது என்று 1953-இல் அவர் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லட்டும்.