அழற்குட்டமும் குளிர்த்தியும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கத்தை எழுவான்கரை என்றும் மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்றும் வழங்குவர். ஞாயிறு எழுதலும் படுதலும் கொண்டு நிலத்துக்குப் பெயரிட்ட மக்கள், தம் தலையாய வழிபாட்டுக்கு நாள் குறித்தபோதும் வானத்தையே நோக்கினர். வைகாசித் திங்களில் முழுநிலாவை ஒட்டிக் கண்ணகை அம்மன் கோயில்களின் கதவுகள் திறக்கப்படுகின்றன. செட்டிபாளையம், களுவாஞ்சிகுடி தொடக்கம் தெற்கே காரைதீவு, தம்பிலுவில் வரை இதுவே வழக்கு. கல்யாணக்கால் நடப்பட்டு, கண்ணகி வழக்குரை பாடப்பட்டு, இறுதியிற் குளிர்த்தியுடன் சடங்கு நிறைவெய்தும். இந்த வைகாசி எங்கிருந்து வந்தது என்பதே ஈண்டு எழும் வினா. வினா சிறிதாகத் தோன்றலாம். ஆயின், சிலப்பதிகாரம் மதுரை எரிந்ததாகக் கூறும் திங்கள் வைகாசியன்று, ஆடி.

அந்நூல் குறிக்கும் நாள் ஆடித் தேய்பிறையின் அட்டமி, கிழமை வெள்ளி, நாண்மீன் கார்த்திகை. கார்த்திகையை அது அப்பெயராற் சுட்டாது, அழலோடு சேர்ந்த குட்டம் என்று சுட்டுகின்றது. இப்பெயருக்குக் காரணம் அந்நாண்மீனின் அதிதேவதையாகும். தைத்திரீய சங்கிதையின் நாண்மீன் வரிசை அசுவினியில் தொடங்குவதன்று, கார்த்திகையிலே தொடங்குகின்றது. அதற்குரிய தெய்வம் அக்கினி. வேள்வித் தீயை முதன்முதல் நிறுவுவதற்குக் கார்த்திகை ஏற்றது, ஏனெனில் அது அக்கினியின் மீன் என்று சதபத பிராமணம் வாதிக்கின்றது. தெய்வத்தின் பெயரே மீனுக்கும் பெயராதல் தமிழிலும் பழைய வழக்கு. பரிபாடலின் பதினோராம் பாடல் கார்த்திகையை எரி என்றும் திருவாதிரையைச் சடை என்றும் வழங்குகின்றது. முன்னது அக்கினியால் வந்த பெயர். பின்னது சிவனால் வந்தது. எனினும், இம்மீனை அழலோடு மட்டுமே தமிழர் இணைத்தனர் என்று கொள்ளுதல் பிழை. அகநானூற்றின் 141ஆம் பாட்டில் அறுமீனும் மதியும் கூடும் இரவு விளக்கேற்றி விழவயரும் மங்கல இரவாகும்.

அமங்கலமான கார்த்திகையும் உண்டு. புறநானூற்றின் 229ஆம் பாட்டில், அழற்குட்டத்து நள்ளிரவில் வானிலிருந்து ஒரு மீன் எரிந்து வீழ்கின்றது. கண்ட கூடலூர் கிழார் அஞ்சுகின்றார். ஏழாம் நாள் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்துபடுகின்றான். அழற்குட்டம் என்பதற்குக் கார்த்திகையின் முதற்கால் எனப் பழைய உரைகாரர் பொருள் கூறுவர். சேரனின் சாவுக்கு முன்னறிகுறி தோன்றிய அந்த மீனையே பாண்டியன் வீழ்ந்து அவன் நகரம் எரிந்த நாளுக்கும் இளங்கோ தேர்ந்துள்ளார். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அரசர்க்குத் தீங்கு நேரும் மீன் என்றொரு நம்பிக்கை பழந்தமிழகத்தில் நிலவியிருக்க வேண்டும். காப்பியத்திலே தீக்கடவுள் பார்ப்பன வடிவில் கண்ணகியின் முன் நேரே தோன்றி, யார் யாரை விடுதல் வேண்டும் என்று வினவுகின்றான். தன் நாளிலே தான் வந்து நிற்கும் தெய்வம் அவன்.

எனவே அந்நாட்குறிப்பைச் சரித்திர ஆவணமாகக் கொள்வதிலும் கவிஞனின் தேர்வாகக் கொள்ளுதல் பொருத்தம். எல். டி. சுவாமிக்கண்ணுப்பிள்ளை சிலப்பதிகாரக் குறிப்புகளையும் அடியார்க்குநல்லார் உரையையும் கொண்டு கணித்து, கதை நிகழ்ந்த ஆண்டு கி.பி. 756 என்றார். கலைப்பீட மாணவனாகிய யான் அவருடைய கணக்கைச் சரிபார்க்கும் தகுதியுடையேன் அல்லேன். ஆயினும், ஆடியின் தேய்பிறை அட்டமியும் கார்த்திகையும் வெள்ளியும் ஒருங்கு கூடுதல் ஒரு நூற்றாண்டுக்குள்ளேயே சிலமுறை நிகழக்கூடியது. இக்கூட்டத்தை மட்டும் வைத்து ஓராண்டைத் துணிதல் அரிது. இரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் கஜபாகுவே சிலப்பதிகாரம் கூறும் கயவாகு எனக் கொள்வோர் இக்கணிப்பை ஏற்க இயலாது.

கயவாகுவின் பெயர் நம்மை மீண்டும் ஈழத்துக்கு அழைத்து வருகின்றது. உரைபெறு கட்டுரை, பாண்டிநாடு மழைவறங்கூர்ந்து வெப்பு நோயால் வருந்திய செய்தியைக் கூறிய பின், இலங்கை வேந்தன் கண்ணகிக்குக் கோட்டம் எடுத்து ஆடித் திங்களில் விழாச் செய்தான் என்கின்றது. கண்டியிற் பத்தினி தேவாலயமும் பங்குகொள்ளும் எசல பெரகரா இன்றும் அக்காலத்தை ஒட்டியே நிகழ்கின்றது. காப்பியமும் உரைபெறு கட்டுரையும் சிங்கள மரபும் ஆடியை நோக்க, மட்டக்களப்பு மட்டும் வைகாசியில் நிற்பது ஏன்? ஊர்மக்கள் மூல நாளை மறந்து விட்டனர் என்று கூறிவிடுதல் எளிது. அவ்விடையை யான் ஏற்கவில்லை.

முதலிற் சடங்கின் பொருளை நோக்குவோம். சிலப்பதிகாரக் கண்ணகி மதுரையை எரித்தபின் நகர் நீங்கி, மலையேறி, வேங்கை நிழலில் நின்று விண்புகுகின்றாள். அவளை எவரும் குளிர்விக்கவில்லை. நம் மரபிலோ எரித்த பின்னரும் தணியாத அம்மனை ஆய்ச்சியர் தயிரும் வெண்ணெயும் கொண்டு குளிர்விக்கின்றனர். மஞ்சள் நீரும் வேப்பிலையும் கொண்டு கட்டாடியார் ஆற்றும் குளிர்த்தி இதன் தொடர்ச்சியேயாகும். வித்துவான் வி. சீ. கந்தையா 1968இற் பதிப்பித்த கண்ணகி வழக்குரை, ஏட்டிலும் நாவிலும் வாழ்ந்த அம்மரபை அச்சுக்குக் கொணர்ந்தது. எரித்த நாளை நினைவுகூர்வது இச்சடங்கின் நோக்கமாயின் ஆடி வேண்டும். வெப்பத்தைத் தணிப்பதே நோக்கமாயின் வெப்பம் மிகும் காலம் வேண்டும்.

வைகாசி அத்தகைய காலம். அத்திங்களின் முற்பகுதியில் ஞாயிறு கார்த்திகையில் நிற்கின்றது. தமிழகத்தார் அக்கினி நட்சத்திரம் என அஞ்சும் கத்திரி வெயிற் காலம் அதனைச் சூழ்ந்ததே. மதி ஆடியிற் கார்த்திகையைக் கூடுவது ஓரிரவு; ஞாயிறு அம்மீனைக் கடக்க ஏறத்தாழப் பதின்மூன்று நாள் ஆகும். இக்காலத்தில் வரும் முழுநிலா எதிர்ப்புறத்தே விசாகத்திலோ அனுஷத்திலோ விளங்கும். விசாகத்துக்கு இந்திரனும் அக்கினியும் ஒருங்கே தெய்வங்கள். மழைக்கிறைவனும் தீக்கிறைவனும் கூடிய மீன் அது. இப்பொருத்தம் மனத்தைக் கவர்வதே. ஆயினும் அதிதேவதைப் பட்டியலைப் பார்த்து நம் முன்னோர் நாள் குறித்தனர் என்று சொல்ல யான் துணியேன். குளிர்த்தி பிராமணர் வகுத்த கிரியை அன்று. அதனைப் பூசை என்றும் உற்சவம் என்றும் கூறாது சடங்கு என்றே கூறுவர். முழுநிலாவைக் காணப் பஞ்சாங்கம் வேண்டுவதில்லை.

அவர்கள் அறிந்தவை வேறு. மாரிப் போக அறுவடை மாசி பங்குனியில் முடிந்துவிடும். பாலமீன்மடுவில் முகத்துவாரத்தை மணல் மூட, வாவி நீர் குறையும். மேற்கு மலைகளைக் கடந்து ஈரமிழந்து வரும் கச்சான் வீசத் தொடங்கும். அம்மை நோய் பரவும். அதனை அம்மாள் என்றே அழைத்தனர்; நோயும் அவளே, மருந்தும் அவளே. உரைபெறு கட்டுரை கூறும் மழையின்மையும் வெப்பு நோயும் மட்டக்களப்பில் ஆண்டுதோறும் எதிர்நோக்கப்பட்டவை. அவை முற்றுமுன் அம்மனைக் குளிர்வித்தல் வேண்டும். ஆடிவரை காத்திருத்தல் தீப்பற்றிய வீட்டுக்குப் பின்னர் நீர் கொணர்வது போலாகும்.

இதனைக் கூறுவதற்கு ஒரு காரணமுண்டு. யாழ்ப்பாணத்திற் சைவச் சீர்திருத்தத்தின் பின் பல கண்ணகி கோயில்கள் இராசராசேசுவரி முதலிய பெயர்களைப் பெற்று ஆகம முறைக்கு மாறின. இப்பகுதியில் அம்மன் தன் பெயரோடும் கட்டாடியாரோடும் நிலைத்தாள். எனினும் கோயில்கள் பெருகிப் பஞ்சாங்கமும் நித்திய பூசையும் நுழைகையில், சடங்கின் நாளையும் சாத்திரத்தால் நியாயப்படுத்தும் ஆவல் எழுகின்றது. விசாகத்தின் தெய்வங்களை நாம் அறிதல் நன்றே. ஆனால் இந்த வைகாசிக்குச் சான்று கச்சானிலும் வாவியிலும் உள்ளது.

ஆண்டுக்கொருமுறை மட்டுமே கதவு திறக்கும் பழைய வழக்கைப் பேணும் கோயில்களில், குளிர்த்தி முடிந்ததும் கதவு சாத்தப்படும். இரு திங்கள் கழித்து ஆடித் தேய்பிறை அட்டமியும் வரும். சில ஆண்டுகளிற் கார்த்திகையும் அதனோடு கூடும். அன்று அக்கோயில்களில் விளக்கு எரிவதில்லை. அம்மன் குளிர்ந்து உள்ளே இருக்கின்றாள்.