பெரும்பாலை அகழ்குழியும் படி காக்கும் மரபும்

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் உள்ளது பெரும்பாலை என்னும் ஊர். 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அவ்வூரில் அகழாய்வு நிகழ்த்திற்று. அங்குக் கிடைத்த பொருள்களைப் பற்றி அறிஞர் பலர் எழுதுவர். ஈண்டு யாம் ஆராயப் புகுவது அப்பொருள்களை அன்று, அகழ்குழியின் பதிவுகளையே. மண்ணடுக்கு ஒன்றனை ஒருமுறைதான் அகழ இயலும். எவ்வோடு எவ்வளவு ஆழத்தில், எதன் அருகே கிடந்தது என்னும் செய்தி, அவ்வோட்டை எடுத்த அளவிலேயே நிலத்தினின்று நீங்கிவிடுகின்றது. பின்னர் அஃது வாழ்வது அளவுக் குறிப்பிலும் வரைபடத்திலும் நிழற்படத்திலுமே. எனவே அகழாய்வைப் பொறுத்தவரை பதிவு என்பது மூலத்தின் படி அன்று, அதுவே மூலம். இந்நாளில் எவ்விடத்து அகழாய்வாயினும் அப்பதிவுகளிற் பெரும்பகுதி கணினியிலேயே தங்குகின்றது.

நடுகல்லின் நிலை வேறு. தருமபுரிப் பகுதி நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றிப் படியெடுத்த பின்னரும் கல் வெளியில் நிற்கின்றது. படி கெடின் மற்றொன்று எடுக்கலாம். கல் கெடினும் படி நிற்கும். தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் உதகமண்டலத்தில் இருந்து, 1966-இல் மைசூருக்குச் சென்றன. அவற்றைச் சென்னைக்குக் கொணர வேண்டுமெனச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் ஆணையிட்டது. அவை எங்கு இருத்தல் வேண்டும் என்ற வினா எழுந்த அளவிற்கு, எத்தனை படிகள் இருத்தல் வேண்டும் என்ற வினா எழவில்லை என்பது எம் கருத்து.

ஏட்டுச் சுவடிக் காலத்தார் இவ்வினாவை நன்கு அறிந்திருந்தனர். ஓலை சில நூற்றாண்டிற்கு மேல் நில்லாது. ஆதலின் பழைய ஏட்டைப் பெயர்த்தெழுதிய பின்னரே அதனை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுதல் முறையாக இருந்திருத்தல் வேண்டும். பிற்காலத்தில் எழுதும் வழக்கம் நின்றது. ஆற்றில் விடும் சடங்கு மட்டும் நிலைத்தது போலும். இதனினும் நுட்பமான இழப்பு ஒன்றுண்டு. உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றையும் 1904-இல் பதிற்றுப்பத்தையும் பதிப்பித்தார். முன்னதில் 267, 268-ஆம் பாடல்கள் இல்லை. பின்னதில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. ஒன்றிற்கு மேற்பட்ட சுவடிகள் கிடைத்தும் இக்குறை நீங்கவில்லை. குறையுற்ற தாய்ச்சுவடி ஒன்றினின்றே அவை கிளைத்தன என்று கொள்ளல் பொருந்தும். படிகளின் தொகை மிகுதலால் மட்டும் காப்பு அமையாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இனி வன்தட்டிற்கு வருவோம். ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் அறிமுகப்படுத்திய முதல் வன்தட்டுக் கருவி 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளைக் கொண்டு, 50 இலட்சம் எழுத்துகளைத் தாங்கிற்று. இன்று அது உள்ளங்கையில் அடங்குவதாயினும் இயங்குமுறை மாறவில்லை. காந்தப் பூச்சுடைய தட்டு நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, படிக்கும் தலை மயிரிழையினும் மிக நுண்ணிய இடைவெளியில் அதன்மேல் மிதக்கும். தலை தட்டைத் தொடின் கீறல் விழும். கீறிய இடத்துச் செய்தி மீளாது.

சில ஆண்டுகட்கு முன் யாம் எடுத்த நடுகற் படங்களை ஒரே வன்தட்டில் வைத்திருந்தோம். ஒருநாள் அதனுள்ளிருந்து 'டக், டக்' என்னும் ஒலி எழுந்தது. அது, தலை தன் இடங்காணாது தடுமாறும் ஒலி. யாமோ அறியாமையால் பன்முறை நிறுத்தி நிறுத்தி இயக்கினோம். சிறிது எஞ்சியிருந்ததும் அதனால் அழிந்தது. கற்கள் நின்றமையின் மீண்டும் சென்று படமெடுத்தோம். ஒரு கல் மட்டும் அங்கில்லை. சாலையை அகலப்படுத்தியபொழுது அகற்றினர் என்றனர். பெரும்பாலைக் குழி போன்றதொன்றின் பதிவாயின் ஒன்றேனும் மீண்டிராது.

அவ்வொலி கேட்ட அளவில் கருவியை நிறுத்துதலே முதற்கடன். தட்டு ஓரளவு படிக்கக் கூடியதாயின், அதனைத் திருத்த முயலாது, முழுவதையும் வேறொரு தட்டிற்குப் படியெடுத்து, அப்படியின்மேல்தான் மீட்புப்பணி செய்தல் வேண்டும். எளிதிற் படிக்கக்கூடிய பகுதிகளை முன்னரும் பழுதுற்றவற்றைப் பின்னரும் எடுக்கும் மென்பொருள்கள் உள. ஆயினும் தலை உடைந்த தட்டிற்கு இவை பயன்படா. அதனைத் தூசற்ற அறையிற் பிரித்துப் பார்க்கும் வல்லுநரிடமே ஒப்படைத்தல் தகும்.

மூன்று படிகள், இருவகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேற்றூரில் என்பது இன்று கணினித் துறையார் கூறும் நெறி. வேற்றூர் என்றதன் காரணத்தை யாழ்ப்பாணத்தார் அறிவர். 1981-இல் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் ஒரே கூரையின்கீழ் அழிந்தன. இணையவழித் தானே ஒத்தியங்கும் சேமிப்பை இம்மூன்றனுள் ஒன்றாகக் கருதுவாரும் உளர். அது பொருந்தாது: ஈண்டு ஒரு கோப்பு அழியின் ஆண்டும் அழியும், ஈண்டுச் சிதையின் ஆண்டும் சிதையும். தாய்ச்சுவடியின் குறை சேய்ச்சுவடிக்கு ஏறியதும் இவ்வாறே. ஆகவே பழைய நிலைகளையும் நாளிட்டுத் தனியே வைத்தல் வேண்டும். ஒருவர் படிக்க மற்றொருவர் ஏட்டை ஒப்புநோக்கிய பணியை, ஒவ்வொரு கோப்பிற்கும் கணக்கிடப்படும் சரிபார்ப்பெண் இன்று செய்கின்றது. படியெடுத்த அன்றும், பின்னர் ஆண்டிற்கு ஒருமுறையும் அவ்வெண்களை ஒப்பிடல் வேண்டும்.

பென்னாகரத்திற்குக் களப்பணி செல்லும் மாணவர் இரண்டு தட்டுகளை உடன் கொண்டு சென்று, மாலையில் விளக்கேற்றுமுன் அன்றைய பதிவை இரண்டிலும் ஏற்றி, ஒன்றனை மறுநாட் பேருந்திற் செல்வார் கையிற் கொடுத்தனுப்பலாம். குழியின் அளவுகளை மட்டுமேனும் மையால் தாளிலும் எழுதி வைத்தல் நன்று.