ராமபிதிகஸ்

ராமபிதிகஸ் என்பது சிவாலிக் படிவுகளில் கிடைத்த, அற்றுப்போன வாலில்லாக் குரங்கு ஒன்றுக்கு 1934இல் இடப்பட்ட பேரினப் பெயர். இன்று அது தனிப் பேரினமாகக் கொள்ளப்படுவதில்லை, சிவபிதிகஸுக்குள் அடங்கிவிட்டது. இமயம் உயர உயர ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் களிமண்ணுமே சிவாலிக். அங்கே, இன்றைய இமாசலப் பிரதேசத்தின் ஹரிதல்யாங்கர் அருகே, யேல் பல்கலைக்கழக மாணவர் ஜி. எட்வர்ட் லூயிஸ் 1932இல் ஒரு மேல்தாடைத் துண்டை எடுத்தார். புவியியலாளர் கை பில்கிரிம் 1910இலேயே சிவன் பெயரில் ஒரு குரங்குக்குப் பெயர் வைத்திருந்தார். லூயிஸ் இராமனையும் சுக்ரீவனையும் சேர்த்துக்கொண்டார். சுக்ரீவன் பெயராவது குரங்குக்குப் பொருந்தும்.

தாடை மனிதச் சாயலுடையது என்ற லூயிஸின் கருத்தை 1935இல் மானுடவியலாளர் அலெஷ் ஹர்ட்லிச்கா மறுத்தார். 1961இல் புதைபடிவ ஆய்வாளர் எல்வின் சைமன்ஸ் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார். டேவிட் பில்பீமும் சேர, அது மனிதனின் முதல் மூதாதையாகப் பாடநூல்களில் ஏறியது. பிழை எலும்பில் இல்லை, இல்லாத எலும்பில் இருந்தது. துண்டில் தாடையின் நடுக்கோடே கிடையாது. மனிதனுக்குரிய வளைந்த பல்வரிசை ஆய்வாளர் மனத்தில் நிரப்பப்பட்டது. சிறிய கோரைப்பல்லும் தடித்த எனாமலும் சான்றல்லவா என்றால், பெண் குரங்கின் கோரைப்பல்லும் சிறியதே. தடித்த எனாமல் கடின உணவு தின்னும் பல குரங்குகளுக்கும் உண்டு. 1967இல் சாரிச்சும் வில்சனும் இரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதனும் ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்குகளும் பிரிந்து ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுகளே ஆயின என்றனர். ஒரு கோடி ஆண்டுக்கும் மூத்ததாக அன்று கருதப்பட்ட தாடை அந்தக் கணக்கில் எப்படி மூதாதையாகும்? புதைபடிவக்காரர்கள் பல ஆண்டுகள் அதைப் பொருட்படுத்தவில்லை.

முடிச்சை அவிழ்த்தது பாகிஸ்தானின் பொட்வார் மேட்டுநிலத்தில் கிடைத்து, 1982இல் பில்பீமே விவரித்த சிவபிதிகஸ் முகம். நெருங்கிய கண்குழிகள், வழுவழுப்பான மூக்குத்தளம், பெரிய நடு வெட்டுப்பல் என எல்லாம் ஒராங்குட்டானை ஒத்தன. ராமபிதிகஸும் சிவபிதிகஸே என்பதால், அது மனித மூதாதை என்ற வாதம் அத்தோடு விழுந்தது. ஆனால் 1990இல் அவர் குழு வெளியிட்ட மேல்கை எலும்புகள், நாலுகாலில் நடக்கும் குரங்கின் சாயலைக் காட்டின. அப்படியானால் முகமும் ஏமாற்றலாமே என்பது வலுவான மறுப்பு. இருந்தும், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இத்தனை முகக்கூறுகள் தற்செயலாக ஒருங்கே அமைவது அரிது. கிளையில் தொங்கும் உடலமைப்பு ஒராங்குட்டான் வழியில் பின்னர் தனியே வந்தது என்று கொள்வதே எளிது. அதற்கு விலை உண்டு: அதே உடலமைப்பு ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்குகளிடமும் தனியே தோன்றியதாக ஏற்க வேண்டும். சிவபிதிகஸை ஒராங்குட்டானின் உறவாக வைப்போர் இன்றும் அந்த விலையைக் கொடுத்தே வைக்கிறார்கள்.