முறையும் மரபணுவும்

மலாயாவிற்குத் தோட்டத் தொழிலாளராக வந்த தமிழருள் பெரும்பாலோர் தம் ஊர்ப்பெயரை எழுத்தில் விட்டுச் செல்லவில்லை. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி முறையோ, 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை நீடித்தது. ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் தங்கிக் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியோரின் வழிவந்த பிள்ளைகள் இன்று நம் வகுப்புகளில் அமர்ந்துள்ளனர். "ஐயா, எச்சிலைக் குப்பியில் இட்டு அனுப்பினால் பூட்டனின் ஊர் தெரியுமா?" என்று வினவுகின்றனர். ஊர் தெரியாது, உறவு தெரியக்கூடும். எந்தச் சோதனையால் எவ்வுறவு தெரியும் என்பதே நாம் இங்குக் காணப் புகுவது.

விற்கப்படும் சோதனைகள் மூவகையின. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது. ஆதலின் மாணவியர் தந்தையின் அல்லது உடன்பிறந்தானின் மாதிரியைத்தான் அனுப்ப இயலும். மைட்டோகாண்ட்ரியா மரபணு தாயிடமிருந்து பிள்ளைகள் அனைவருக்கும் வரினும், மகள் வழியே தொடரும், மகனோடு நின்றுவிடும். நான்கு தலைமுறை மேலே சென்றால் நமக்கு முன்னோர் 16 பேர். மேற்கூறிய இரண்டும் அவருள் ஆளுக்கொருவரைப் பற்றியே பேசும். ஏனைய 14 பேரைப் பற்றி வாய் திறவா. மூன்றாம் வகை, இருபாலார்க்கும் பொதுவான ஏனைய 22 குரோமோசோம் இணைகளை ஆய்வது. தந்தைவழி, தாய்வழி இரண்டையும் தழுவுவதாலும், அந்நிறுவனத்தில் முன்னரே சோதித்துக்கொண்ட உறவினரைக் காட்டுவதாலும், முதலில் இதனையே மேற்கொள்ளுமாறு நாம் கூறுவோம்.

ஆயினும் அதன் அறிக்கை உறவினர் ஒருவரைக் காட்டி, 'கசின்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். தமிழருக்கு இச்சொல் போதுமா? பெரியப்பா, சித்தப்பா மக்களும் பெரியம்மா, சித்தி மக்களும் நமக்கு அண்ணன், தங்கை ஆவர். அத்தை மக்களும் மாமன் மக்களும் முறை உடையவர். லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட உறவுமுறை ஆய்வு நூலில், இவ்வமைப்பை வட அமெரிக்க இரோகுவா மக்களின் உறவுச் சொற்களோடு ஒப்பிட்டு வியந்தார்.

இனி ஒய், மைட்டோகாண்ட்ரியா சோதனைகளை இதனோடு பொருத்திப் பாருங்கள். பெரியப்பா மகனுக்கும் நமக்கும் ஒய் ஒன்றே. சித்தி மகளுக்கும் நமக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒன்றே. அத்தை மகனோடும் மாமன் மகளோடும், அவ்வுறவின் அளவில், இவ்விரண்டில் ஒன்றுகூடப் பொதுவாவதில்லை. நம் முன்னோர் மரபணுவியல் அறிந்திருந்தனர் என்று எவரும் இதைக்கொண்டு மேடையேறிவிட வேண்டா. அவர்கள் வழியை எண்ணினர். இவ்விரு மரபணுக்களும் வழியையே தொடர்கின்றன. ஆகவே பொதுச் சோதனையில் ஒருவர் அகப்பட்ட பின்னர், அவர் பங்காளியா, மாமன் மச்சானா என்று ஐயம் எழும்போது ஒய் சோதனைக்குச் செலவிடலாம். அதற்கு முன் செலவிடுவது வீண்.

மற்றோர் எச்சரிக்கை. அக்காள் மகளையும் மாமன் மகளையும் தலைமுறை தலைமுறையாக மணந்த குடும்பங்களில் பொதுவான மரபணு மிகுந்து காணப்படும். தூரத்து உறவினரையும் அறிக்கை நெருங்கியவராகக் காட்டிவிடும். வண்ண வரைபடத்தில் வரும் விழுக்காடுகளோ, அந்நிறுவனம் திரட்டிய மாதிரிகளோடு ஒப்பிட்ட மதிப்பீடுகளே. எச்சிலை அனுப்புமுன் வீட்டாரையும் கேட்டுக்கொள்க. அதிலுள்ள செய்தி அவர்களுடையதுமாகும். இத்துறையில் பெயர்பெற்ற 23 அண்ட் மீ நிறுவனமே 2025 மார்ச்சில் நொடிப்புநிலைப் பாதுகாப்புக் கோரியதை மறத்தல் ஆகாது.

நம் மாணவி ஒருத்தியின் அறிக்கையில் 'தென்னிந்தியா' என்ற ஒரு சொல்லே வந்தது. அம்மாவின் அம்மாவை வீட்டில் எவ்வாறு அழைப்பீர் என்று கேட்டோம். "அமுச்சி" என்றாள். கொங்கு வட்டாரச் சொல் அது. குலதெய்வத்தின் பெயரைக் கேட்டுவர அன்று மாலையே பாட்டியிடம் அனுப்பினோம்.