ஒன்பது பெட்டி, ஒரே ஸ்விட்ச்

ஈதர்நெட் ஃப்ரேமுக்கு சாவே கிடையாது. ஐபி பாக்கெட்ல "இத்தனை ரூட்டர் தாண்டினா செத்துப் போ"ன்னு ஒரு எண் இருக்கும், இதுல அது இல்ல. அதனால ரெண்டு ஸ்விட்சுக்கு நடுவுல பாதுகாப்புக்குன்னு ரெண்டு கேபிள் போட்டா, ஒரு பிராட்காஸ்ட் சுத்திச் சுத்தியே மொத்த நெட்வொர்க்கையும் முழுங்கிடும். 1985-ல ரேடியா பெர்ல்மன் இதுக்குக் கண்டுபிடிச்ச வைத்தியம்தான் ஸ்பானிங் ட்ரீ. ரெண்டாவது கேபிளை அடைச்சு வைக்கும், முதல் கேபிள் போனா திறந்துவிடும். அழகான யோசனை. ஆனா அதுக்கு ஒரு எல்லை உண்டு: அதோட டீஃபால்ட் டைமர்கள் எல்லாம், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏழு ஸ்விட்சுக்கு மேல இருக்காதுன்னு நம்பி வெச்சவை.

2002 நவம்பர் 13. பாஸ்டன்ல இருக்கற பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவமனை. வருஷக்கணக்கா ஸ்விட்சுக்குப் பின்னாடி ஸ்விட்சா கோத்துக்கிட்டே போனதுல அந்த எல்லை எப்பவோ தாண்டியாச்சு. ஒரு ஆராய்ச்சியாளரோட மென்பொருள் பெரிய அளவு டேட்டாவைக் கொட்டினதும் ஸ்பானிங் ட்ரீ குழம்பிப் போச்சு. லேப் ரிசல்ட், மருந்துச் சீட்டு எல்லாம் பல நாள் காகிதத்துக்குத் திரும்பின. நெட்வொர்க்குன்னாலே கம்ப்யூட்டர்தான்னு பழகின இளம் டாக்டர்கள் பேப்பர் ஃபாரத்தைக் கையில எடுத்தாங்க. அங்க தகவல் தொழில்நுட்பத் தலைவரா இருந்த ஜான் ஹலம்கா இதை மூடி மறைக்கல, வெளிப்படையா பேசினார். எனக்கு அவர்மேல பெரிய மரியாதை.

அடுத்த வருஷமே, 2003-ல, சிஸ்கோ கேட்டலிஸ்ட் 3750-ஐ விட்டாங்க. ஸ்டேக்வைஸ்ங்கற தனிக் கேபிள்ல ஒன்பது பெட்டி வரைக்கும் பின்னாடி கோத்தா, வெளியில இருந்து பாக்க ஒரே ஸ்விட்ச். ஒரே ஐபி, ஒரே கான்ஃபிக். சங்கிலியில ஒன்பது தாவல் இருந்த இடத்துல இப்போ ஒண்ணுதான். ரெண்டு அப்லிங்க்கை வேற வேற பெட்டியில சொருகி ஒரே ஈதர்சேனலா கட்டலாம். எதையும் அடைக்க வேண்டாம்.

சொருகறதுக்கு முன்னாடி காகிதத்துல போட வேண்டிய கணக்கு ஒண்ணு இருக்கு. யார் மாஸ்டர்? பிரையாரிட்டி 1 முதல் 15 வரை, டீஃபால்ட் 1. நீங்க எதுவும் சொல்லாம எல்லாத்தையும் ஒண்ணா ஆன் பண்ணினா, கடைசியில சின்ன மேக் முகவரி இருக்கறது ஜெயிக்கும். அது பெரும்பாலும் கூட்டத்துலயே கிழட்டுப் பெட்டி! அதனால நல்ல பெட்டிக்கு 15, அடுத்ததுக்கு 14.

அப்புறம் அந்தக் கடைசிக் கேபிள். ஒன்பதாவது பெட்டியிலிருந்து முதல் பெட்டிக்குத் திரும்பி வரணும், வளையமா. நீளம் பத்தலைன்னு விட்டுடறாங்க. வளையம் இருந்தா 32 கிகாபிட், ஒரு கேபிள் அறுந்தாலும் பாதி வேகத்துல ஓடும். வளையமே இல்லாம நடுவுல ஒண்ணு அறுந்தா ஸ்டேக் ரெண்டா உடைஞ்சு, ரெண்டு பாதியும் "நான்தான் மாஸ்டர்"னு அதே ஐபியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்.