வறட்சி எனும் மூலதனம்: பேட்டை, மகமை, மில் வேன் - சில குறிப்புகள்

1

எங்க ஊர் மல்லாங்கிணற்றில் விடிவதற்கு முன்பே மில் வேன் வந்து ஹாரன் அடிக்கும். பெண்கள் தூக்குவாளியோடு வந்து ஏறுவார்கள். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சம்சாரி ஒருவர் ஒருமுறை சொன்னார்: "மழ பேஞ்சா வேன்ல எடங் கெடக்கும். பேயலேன்னா வேன் பத்தாது."

தொழிற்சூழல் பற்றி நான் படித்த எந்த அறிக்கையிலும் இந்த வாக்கியம் இல்லை. அவற்றுக்கென்று ஒரு வடிவம் இருக்கிறது. இடப்பக்கம் பலம், வலப்பக்கம் பலவீனம். எங்கள் கரிசல் சீமைக்கு அதைப் போட்டுப் பார்த்தால் இப்படி வரும். பலம்: நூறாண்டு கடந்த வணிக மரபு, குறைந்த கூலிக்குக் கிடைக்கும் ஆட்கள், மதுரையிலிருந்து காரியாபட்டி, அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் போகும் நாற்கரச் சாலை. பலவீனம்: வானம் பார்த்த நிலம், தூர்ந்த கண்மாய்கள், வரத்துக்கால் முழுக்கச் சீமைக் கருவேலம், சாதிப் பூசல்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் இந்த இரண்டு பத்திகளுக்கும் நடுவில் உள்ள கோட்டை அழித்துவிட்டார். வலப்பக்கத்து வறட்சிதான் இடப்பக்கத்துக் கூலியைக் குறைத்துவைக்கிறது. கண்மாய் நிறைந்தால் மில்லுக்கு ஆள் குறையும். அப்படியானால் கண்மாய் தூர்ந்து கிடப்பது யாருக்குப் பலவீனம், யாருக்குப் பலம்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இந்த வட்டாரத்தின் வணிக வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பதுதான் இங்கே என் நோக்கம்.

2

இந்த வரலாற்றை எழுதியவர்கள் இரண்டு வகை. ஒரு பக்கம் சாதிச் சங்க மலர்கள். அவற்றில் எல்லாமே உழைப்பு, சிக்கனம், முன்னேற்றம். இன்னொரு பக்கம் நம் தோழர்கள். அவர்களுக்கு எல்லாமே சுரண்டல். இருவரும் பார்க்கத் தவறிய ஒரு நிறுவனம் உண்டு. அதன் பெயர் மகமை.

1801இல் பாளையக்காரர் போர் முடிந்து வழிகள் ஓரளவு அமைதியானதும் திருநெல்வேலித் தென்கோடியின் பனங்காடுகளிலிருந்து நாடார் வியாபாரிகள் கருப்பட்டியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வடக்கே வரத் தொடங்கினார்கள். மறவர் சீமையில் அவர்கள் அந்நியர். தீண்டாமையின் பல விதிகள் அவர்கள்மீதும் இருந்தன. எனவே வண்டிகளை நிறுத்த, சரக்கை இறக்க, இரவு தங்கப் பாதுகாப்பான பேட்டைகள் தேவைப்பட்டன. சிவகாசி, விருதுப்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் அவர்கள் வேர்பிடித்த கதையை இராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகச் சொல்கிறார்.

பேட்டைச் செலவுக்கென்று விற்கிற சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று பிடித்த தொகையே மகமை. அதை வசூலித்து, கணக்கு வைத்து, வழக்குத் தீர்த்தது உறவின்முறை. அரசு செய்ய வேண்டிய காரியங்களை அரசுக்கு வெளியே நின்று ஒரு சமூகம் தனக்குத்தானே செய்துகொண்டது. விருதுப்பட்டியில் 1889இல் க்ஷத்திரிய வித்தியாசாலை தொடங்கியது. இந்தப் பொதுப்பணம் பள்ளிக்கூடமாக மாறிய இடம் அது. 1903இல் அந்த ஊரில் பிறந்த காமராசர் படித்ததும் அங்கேதான்.

1899 சூன் மாதம் சிவகாசி சூறையாடப்பட்டது. கமுதிக் கோயில் நுழைவு வழக்கில் 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சில் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 1910இல் நாடார் மகாசன சங்கம். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி. 1962க்குப் பிறகு தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று நாம் அறிவது அதையே. 1923இல் விருதுப்பட்டி விருதுநகர் ஆயிற்று. இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது வணிகமும் தன்மானப் போராட்டமும் ஒரே கயிற்றின் இரண்டு புரிகளாகத் தெரிகின்றன. கோயில் வாசல் சாத்தப்பட்டவர்கள் கடை வாசலைத் திறந்தார்கள். முதலாளித்துவத்தின் மனநிலையைப் புராட்டஸ்டன்டு அறவியலில் தேடினார் மாக்ஸ் வெபர். இங்கே அதைத் தேட வேண்டிய இடம் வண்டிப்பேட்டை.

நவதானியம், மல்லி, வற்றல், எண்ணெய் வித்து என்று புன்செய்யில் விளைந்ததற்கெல்லாம் விருதுநகர் விலை சொன்னது. தமிழ்ப் பத்திரிகைகளில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' ஒரு நிலையான பகுதியானது. மழை குறைந்த சீமையில் விளைச்சலைவிட, விளைந்ததைக் காத்து, கைமாற்றி, விலை வைப்பதே பெரிய தொழில். ஆண்டில் ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். மற்ற மாதங்களில் தானியம் கெடாமல் காய்ந்துகொண்டே இருக்கும். வெயில்கூட ஒரு கிட்டங்கிதான்.

3

மகமையின் உள்கட்டு இதுதான்: மகமை கொடுப்பவன் உறுப்பினன், உறுப்பினனுக்கு நாணயம் உண்டு, நாணயம் உள்ளவனுக்குக் கடன் உண்டு. பத்திரம் வேண்டாம், அடமானம் வேண்டாம். அமெரிக்க அறிஞர் இராபர்ட் பட்னம் இத்தாலியை ஆராய்ந்து 1993இல் எழுதியபின் 'சமூக மூலதனம்' என்று உலகமே பேச ஆரம்பித்தது இதைத்தான். ஆனால் வேலி என்றால் உள்ளே, வெளியே என்று இரண்டு பக்கம் உண்டு. உள்ளே இருப்பவனுக்கு நம்பிக்கையாக இருப்பது வெளியே நிற்பவனுக்குப் பூட்டு.

என்னோடு படித்த ஒருவன், காலனிக்காரன், படித்து முடித்துப் பலசரக்குக் கடை வைத்தான். ஊர் நடுவில் வாடகைக்கு இடம் கிடைக்கவில்லை. காலனி முனையில் வைத்தான். பக்கத்து டவுனில் ஒரு மொத்தக் கடைக்குச் சரக்கெடுக்கப் போனோம். நானும் கூடப் போயிருந்தேன். அவனிடம் சொத்து என்ன, வருமானம் என்ன என்று எதுவும் கேட்கவில்லை. "தம்பி யாரு பையன்? எந்தத் தெரு?" அவ்வளவுதான். மற்றவர்களுக்குப் பதினைந்து நாள் தவணை, இவனுக்குக் கைக்காசு. கோபப்பட்டோ இழிவாகவோ ஒரு வார்த்தை பேசவில்லை. டீ கூட வாங்கிக் கொடுத்தார்கள். கடை எட்டு மாதத்தில் மூடிற்று. இப்போது அவன் திருப்பூரில் இருக்கிறான்.

எந்த அளவுகோல் இதைப் பதிவு செய்யும்? மகமை திரட்டுவதற்கு முதலில் மூட்டை வேண்டும், அதை ஏற்ற வண்டி வேண்டும். கூலி நெல்லை அன்றன்றே குத்திக் காய்ச்சியவர்கள் எதில் மகமை பிடிப்பது? ஒடுக்கப்பட்ட ஒரு சாதி மேலேறிய ஏணியை அடுத்தவனும் எடுத்துச் சாத்திக்கொள்ளலாம் என்ற அறிவுரையின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. ஏணி சும்மா கிடக்கவில்லை. அதில் ஆள் நிற்கிறார்கள்.

4

1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். மரம் கேரளத்திலிருந்து வந்தது, மருந்து வெளியிலிருந்து வந்தது, விற்பனை நாடு முழுவதும். உள்ளூர்ச் சரக்கு இரண்டே இரண்டு: ஈரமில்லாத காற்று, வேலையில்லாத கை. லேபிளுக்காக அச்சகம் வந்தது, அச்சகத்திலிருந்து காலண்டர் வந்தது, பக்கத்திலேயே பட்டாசு வளர்ந்தது. வறட்சியை மூலதனமாக்கிய சாதனை என்றே இதைச் சொல்ல வேண்டும். இதைக் குறைத்துப் பேசுகிற தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் சாத்தூர்ப் பக்கம் பிறந்த என் பெரியம்மாவின் விரல்கள் வேறு கணக்குச் சொல்லும். ஏழு வயதிலிருந்து தீக்குச்சி அடுக்கியவர். இருட்டில் வரும் கம்பெனி பஸ்ஸில் தூக்கத்தோடு தூக்கிப் போடுவார்களாம். "பள்ளிக்கூடம்னா என்னன்னே தெரியாது, பஸ்ஸுதான் தெரியும்" என்பார். சிவகாசியின் குழந்தை உழைப்பு பற்றி அரசு அமைத்த ஹர்பன்ஸ் சிங் குழுவின் அறிக்கை 1976இலேயே வந்துவிட்டது. சட்டம் வர 1986 ஆயிற்று. 1996 டிசம்பரில், எம்.சி. மேத்தா வழக்கில், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. பள்ளி, சத்துணவு, தொடர்ந்த கண்காணிப்பு, இயந்திரம் எல்லாம் சேர்ந்து நிலைமையைப் பெரிதும் மாற்றியிருக்கின்றன. இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாறாதது பட்டாசு ஆலைகளின் உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் வேறு ஆட்கள் கையில், தீபாவளி ஆர்டருக்காகப் பறக்கும் வேலை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் வெடித்துக்கொண்டுதான் இருக்கிறது. சந்தைப் பக்கமும் நெருக்கடி. 2018இல் பேரியம் உப்புக்கு உச்சநீதிமன்றம் தடை விதித்தது. சீன லைட்டரிடமிருந்து தீப்பெட்டியைக் காக்க, 2023இல் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்தது. ஒரே தொழிலில் குவிந்த வட்டாரம் ஒரே தீர்ப்பில் ஆடிப்போகும்.

5

1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. தேவேந்திரர் ஒருவரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம், துப்பாக்கிச் சூடு. முடிவில் தமிழகமெங்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் வைத்த தலைவர் பெயர்கள் எல்லாம் நீக்கப்பட்டன. எங்கள் காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது. சமமாக வைப்பதைவிட எல்லாவற்றையும் எடுத்துவிடுவது சுலபம் என்று அரசுக்குத் தோன்றியது.

அடுத்த ஆண்டு நீதிபதி ரத்தினவேல் பாண்டியன் குழு, தென்மாவட்டங்களுக்குத் தொழில் வளர்ச்சி தேவை என்று பரிந்துரைத்தது. வேலை இருந்தால் அரிவாள் தூக்க மாட்டான் என்பது இந்தப் பார்வையின் அடிப்படை. வேலை வேண்டியதுதான், மறுப்பில்லை. ஆனால் 1899இல் சிவகாசியைத் தாக்கியதற்கு வேலையின்மை மட்டுமா காரணம்? கீழே இருந்தவன் கடை கட்டியதுதானே கண்ணை உறுத்தியது? ஆலை சாதியைக் கரைக்கும் என்ற நம்பிக்கைக்கு எதிரான முதல் சாட்சி இந்த மண்ணின் வணிக வரலாறே.

6

உலக வங்கி 'தொழில் செய்யும் எளிமை' என்று நாடுகளுக்கு ரேங்க் போட்டு வந்தது. புள்ளிவிவரத்தில் கைவைத்தது வெளியானதும் 2021இல் அதையே நிறுத்திக்கொண்டது. அதே பாணியில் இந்திய அரசு 2015இல் போட்ட முதல் மாநிலப் பட்டியலில் ஜார்க்கண்ட் மூன்றாவது, தமிழ்நாடு பன்னிரண்டாவது. தொழிற்சாலைகளின் எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலிடத்தில் இருக்கும் மாநிலம் அது! பட்டியல் அளந்தது விண்ணப்பப் படிவத்தின் வேகத்தை.

இதைவிட வேடிக்கை 2018இல் நடந்தது. நாடு முழுவதும் பின்தங்கிய மாவட்டங்களைப் பொறுக்கியெடுத்து 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து இரண்டு: இராமநாதபுரம், விருதுநகர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் காலண்டருக்கும் பேர்போன, சிமெண்டும் நூலும் உற்பத்தியாகிற மாவட்டம் வளர்ச்சியில் பின்தங்கியது! முரண்பாடு போலத் தெரிகிறது. எனக்கென்னவோ இந்த ஒரு அறிவிப்புத்தான் உண்மைக்குப் பக்கத்தில் வந்ததாகப் படுகிறது. தொழில் இருக்கிற இடமும் மனிதர் நன்றாக இருக்கிற இடமும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை என்பதை அரசே எழுதிக் கொடுத்துவிட்டது.

2023இல் இ.குமாரலிங்கபுரத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட ஜவுளிப் பூங்கா அறிவிக்கப்பட்டது. வரட்டும். கைத்தறியிலிருந்து விசைத்தறிக்கும் விசைத்தறியிலிருந்து மில்லுக்கும் நகர்ந்த அருப்புக்கோட்டைக்கு அது வாசல் திறக்கலாம். ஆனால் பூங்காவின் பலம் பலவீனங்களை எழுதப்போகிறவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்க நாம் தயாராக வேண்டும். கண்மாய் நிறைந்த வருஷத்திலும் பெண்கள் விரும்பி ஏறுகிற அளவுக்குக் கூலி இருக்குமா? அங்கே சரக்கு எடுக்கவும் கொடுக்கவும் போகிறவனிடம் "எந்தத் தெரு?" என்று கேட்பார்களா? பொதுப்பணம் திரட்டிப் பள்ளிக்கூடம் கட்டிய மகமையின் அறிவை, பேட்டைக்கு வெளியே நின்றவர்களும் சேர்ந்த ஒரு கூட்டுறவாக மாற்ற முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதைச் செய்து பார்க்க வேண்டியவர்கள் விமர்சகர்கள் மட்டுமல்ல. போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். மழை இல்லை. வேனில் நின்றுகொண்டு போனார்கள்.